தீர்ப்பில் ஓடும் நீர் வயலில் ஓடுமா?

(கமக்காரரும் உத்தியோகத்தரும் சட்டத்தரணிகளும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரையின் முழு வடிவம்.)



நீர் குறைந்த ஆற்றுப் படுகைகளில் பழங்குடி மக்களுக்குள்ள உரிமைபற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். இப்பொருளை உலகம் முழுவதற்கும் பொதுவாகப் பேசினால் கேட்பதற்கு இனிமையாக இருக்கும். வீடு திரும்பும்போது கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆகையால் ஒரே நாட்டை, பெரும்பாலும் ஒரே ஆற்றை எடுத்துக்கொள்கின்றேன். அது ஐக்கிய அமெரிக்காவின் மேற்கிலே மலைப்பனி உருகிப் பெருகி, வறண்ட நிலத்தினூடே ஓடி, மெக்சிக்கோ நாட்டை நோக்கிச் செல்லும் கொலராடோ ஆறு. ஏறத்தாழ 4 கோடி மக்கள் அந்த ஆற்றை நம்பி வாழ்கின்றனர். அதன் படுகையிலே மத்திய அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்ற பழங்குடிக் கோத்திரங்கள் 30 உள்ளன.

ஏன் அமெரிக்கா என்று நீங்கள் கேட்கலாம். பழங்குடி மக்களுக்கு நீருரிமை உண்டு என்று நாட்டின் அதியுயர் நீதிபீடமே கூறி ஒரு நூற்றாண்டு கடந்துவிட்ட இடம் அது. உரிமை மறுக்கப்பட்ட மக்களின் கதை நமக்குப் புதிதன்று. உரிமை உண்டென்று தீர்ப்பு எழுதப்பட்ட பின்பும் தண்ணீர் கிடையாத மக்களின் கதையே நாம் ஆராய வேண்டியது.

முந்தியவனுக்கே முதலுரிமை

இங்கிலாந்தின் பழைய சட்டப்படி ஆற்றங்கரையிற் காணி உடையவனுக்கே ஆற்று நீரில் உரிமை. மழை வளமுள்ள நாட்டுக்கு அது பொருந்தும். அமெரிக்காவின் வறண்ட மேற்கிலே குடியேறியவர்கள் வேறொரு விதியை வகுத்துக்கொண்டார்கள். எவன் முதலில் நீரைத் திருப்பிப் பயன்படுத்துகின்றானோ அவனுக்கே முதலுரிமை. பின்னால் வந்தவன் மிஞ்சியதை எடுத்துக்கொள்ள வேண்டும். வறட்சி வந்தாற் குறைவை எல்லோரும் பகிர்ந்துகொள்வதில்லை. கடைசியாக வந்தவனின் வாய்க்காலே முதலில் அடைபடும். நெடுங்காலம் பயன்படுத்தாது விட்டவனின் உரிமையும் அற்றுப்போகும்.

நம்முடைய குளங்களின்கீழ் வழங்கும் முறை இதற்கு மாறானது. போகந்தோறும் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகின்றது. குளத்தில் நீர் குறைவாயின், சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது, துருசு எப்போது திறப்பது என்று தீர்மானித்துக் குறைவை எல்லோருமாகத் தாங்குகின்றோம். அந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்படாதவனுடைய வயலுக்கு என்ன நேரும் என்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு கேளுங்கள்.

முந்தியவனுக்கே முதலுரிமை என்பது விதியானால், அந்நிலத்திலே எல்லோருக்கும் முந்தியவர் யார்? பழங்குடி மக்களே. ஆயினும் முந்தியவன் என்று சட்டம் கருதியது ஏட்டிலே முதலிற் பதிந்துகொண்டவனை. முன்னரே நிலத்தில் வாழ்ந்தவனிடம் அந்த ஏடு காட்டப்படவேயில்லை.

வின்ரர்ஸ் வழக்கு

அமெரிக்காவின் வடக்கில் மொன்ரானா என்றொரு மாநிலம். அங்கே மில்க் ஆற்றின் கரையில், 1888ஆம் ஆண்டு உடன்படிக்கையினால், போட் பெல்நாப் என்னும் ஒதுக்குநிலம் குரோவாந்த், அசினிபொயின் ஆகிய இரு கோத்திரங்களுக்கு வரையறுக்கப்பட்டது. பெரும் நிலப்பரப்பை அவர்கள் அரசாங்கத்திடம் விட்டுக்கொடுத்து, எஞ்சிய சிறுநிலத்தில் உழுது பயிரிட்டு வாழ இசைந்தார்கள். பிறகு ஆற்றின் மேற்பகுதியிற் குடியேறியோர் அணைகட்டி நீரைத் திருப்பினர். 1905ஆம் ஆண்டின் வறட்சியிலே ஒதுக்குநிலத்து வாய்க்கால்கள் வற்றின. கோத்திரங்களின் சார்பில் அரசாங்கமே வழக்குத் தொடுத்தது.

குடியேறியோரின் வாதம் எளிமையானது. உடன்படிக்கையில் நிலத்தைப்பற்றிக் கூறியிருக்கின்றது. தண்ணீரைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆகவே தண்ணீர் எங்களுடையது என்றார்கள்.

1908ஆம் ஆண்டு சனவரி மாதம் 6ஆம் தேதி உயர் நீதிமன்றம் இவ்வாதத்தைத் தள்ளிற்று. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் மக்கென்னாவின் நியாயத்தை நம் மொழியிற் சுருக்கிச் சொல்கின்றேன். அந்நிலம் நீரின்றிப் பயன்படாத வறண்ட நிலம். அங்கே பயிரிட்டு வாழுங்கள் என்று கூறி நிலத்தை ஒதுக்கிய அரசாங்கம், பயிருக்கு வேண்டிய நீரையும் உடன் ஒதுக்கியதாகவே கொள்ள வேண்டும். உடன்படிக்கையில் ஐயமிருப்பின் அதனைப் பழங்குடி மக்களுக்குச் சாதகமாகவே பொருள்கொள்ள வேண்டும்.

இதுவே வின்ரர்ஸ் கோட்பாடு. இதனால் மூன்று விளைவுகள் உண்டாயின. ஒதுக்குநிலம் உருவான நாளே அம்மக்களின் நீருரிமைக்கு உரிய நாள். ஆகையால் பின்வந்த குடியேற்றக்காரர் யாவரினும் அவர்கள் முந்தியவர்கள். இரண்டாவது, பயன்படுத்தாமையால் அவ்வுரிமை அழியாது. மூன்றாவது, இன்றைய தேவைக்கு மட்டுமன்றி எதிர்காலத் தேவைக்கும் அதில் இடமுண்டு.

சட்டத்தின் கண்கொண்டு நோக்கினால் இதனிலும் வலிய உரிமையைக் கேட்டுப் பெறுதல் அரிது. ஆனால், அந்த உரிமையின் அளவு எத்தனை ஏக்கர் அடி? அதை வயலுக்குக் கொண்டுவரும் வாய்க்காலை யார் வெட்டுவது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் தீர்ப்பில் விடை இல்லை.

அழைக்கப்படாத கூட்டம்

1922ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சாந்தா பே நகரிலே, பின்னர் அமெரிக்க சனாதிபதியான ஹேர்பேட் ஹூவரின் தலைமையில், கொலராடோ ஆற்றுப் படுகையின் ஏழு மாநிலங்களும் கூடி ஆற்றைப் பங்கிட்டன. மேற்படுகைக்கு ஆண்டுக்கு 75 இலட்சம் ஏக்கர் அடி. கீழ்ப்படுகைக்கு 75 இலட்சம் ஏக்கர் அடி. 1944இல் மெக்சிக்கோவுக்கு 15 இலட்சம் சேர்க்கப்பட்டது. ஆக 165 இலட்சம். மழை மிகுந்த சில ஆண்டுகளின் கணக்கை நம்பி இவ்வாறு பங்கிட்டார்கள். இந்நூற்றாண்டில் ஆற்றில் வந்துகொண்டிருப்பதோ ஆண்டொன்றுக்குச் சராசரியாக 125 இலட்சம் ஏக்கர் அடியளவே. இல்லாத தண்ணீரையும் சேர்த்துப் பங்கிட்ட ஒப்பந்தம் அது.

வின்ரர்ஸ் தீர்ப்பு வந்து 14 ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆற்றிலே முந்திய உரிமையுடையோர் யாரென்பதை அம்மேசையைச் சுற்றி அமர்ந்தோர் அறியாதவரல்லர். ஆயினும் ஒரு கோத்திரத்தின் பிரதிநிதிகூட அங்கு அழைக்கப்படவில்லை. பழங்குடிகள்பால் அரசாங்கத்துக்குள்ள கடமைகளை இவ்வொப்பந்தம் பாதிக்காது என்று ஒரே வாக்கியத்தை ஏழாம் பிரிவாக எழுதிவைத்துவிட்டு, நீரை முழுவதும் தமக்குள்ளே பங்கிட்டுக்கொண்டார்கள்.

இதில் வியப்பில்லை. பழங்குடி மக்கள் யாவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை வழங்கிய சட்டம் 1924இலேதான் வந்தது. அரிசோனா மாநிலத்தில் ஒதுக்குநிலத்து மக்களின் வாக்குரிமையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது 1948இலேதான். அதே 1948இல் நம் நாட்டிலே மலையகத் தமிழ் மக்களின் குடியுரிமைக்கு நேர்ந்த கதியை நீங்கள் அறிவீர்கள். வாக்கில்லாதவனுக்கு வாய்க்கால் வெட்டிக்கொடுக்கும் அரசாங்கத்தை நான் எந்நாட்டிலும் கண்டதில்லை.

ஆற்று மக்கள்

இனிக் கொலராடோவின் கிளையாகிய கிலா ஆற்றுக்கு வருவோம். அதன் கரையில் வாழ்வோர் தம்மை அக்கிமெல் ஓத்தம் என்பர். ஆற்று மக்கள் என்பது அதன் பொருள். அவர்களின் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அப்பாலையில் நீண்ட வாய்க்கால்கள் வெட்டிப் பயிரிட்டவர்கள். 1849ஆம் ஆண்டளவிற் பொன் தேடிக் கலிபோர்னியாவுக்குப் போன வழிப்போக்கருக்குக் கோதுமை விளைத்து விற்றவர்கள். ஒன்றும் அறியாத காட்டு மனிதருக்கு உழவு கற்பித்தோம் என்ற கட்டுக்கதைக்கு அங்கே இடமில்லை. அவர்கள் உங்களைப்போலவே கமக்காரர்.

1859இல் அவர்களுக்கென ஒதுக்குநிலம் வரையறுக்கப்பட்டது. அதன்பின் ஆற்றின் மேற்பகுதியிற் குடியேறியோர் நீரை மறித்தனர். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆறு மணலாயிற்று. கோதுமை விற்றவர்கள் பட்டினி கிடந்தனர். விளைந்ததை உண்டவர்கள் அரசாங்கம் கொடுத்த மாவையும் கொழுப்பையும் சீனியையும் உண்ணலாயினர். 20ஆம் நூற்றாண்டிலே, உலகில் நீரிழிவு நோய் மிக அதிகமாகக் காணப்பட்ட சமூகங்களுள் ஒன்றாக மருத்துவர்கள் அவர்களைக் குறித்தார்கள். தண்ணீரை இழந்தவன் பயிரை மட்டும் இழப்பதில்லை, நண்பர்களே. தலைமுறை தலைமுறையாக உடல் நலத்தையும் இழக்கின்றான்.

இக்குறையைத் தீர்ப்பதற்கென்று கூலிட்ஜ் அணை எழுப்பப்பட்டு 1930இல் திறந்துவைக்கப்பட்டது. அத்திட்டத்தின்கீழ் வந்த ஒரு இலட்சம் ஏக்கரிற் பாதியே பழங்குடிகளின் நிலம், மறுபாதி குடியேறியோருடையது. வறியவனின் பெயரால் நிதி கேட்டு, வலியவனின் வயலுக்கும் நீர் பாய்ச்சுதல் எல்லா நாட்டு அரசாங்கங்களுக்கும் பழகிய வித்தையே.

இறுதியாக 2004ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் அவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 653,500 ஏக்கர் அடி நீர் உறுதி செய்யப்பட்டது. நம்முடைய இரணைமடுக்குளம் முழுதாக நிரம்பினாற் கொள்ளும் நீரைப்போல் இது ஐந்து மடங்குக்கும் மேல். வாய்க்கால்களைத் திருத்த நிதியும் கொடுக்கப்பட்டது. 1859இல் ஒதுக்கிய நிலத்துக்கு 2004இல் நீர்! இடையே கழிந்தவை 145 ஆண்டுகள். காத்திருந்து மாண்ட தலைமுறைகளை எந்தச் சட்டம் திருப்பிக் கொடுக்கும்?

அளவில்லாத உரிமை

வின்ரர்ஸ் தீர்ப்பு கூறாது விட்ட அளவை, 1963ஆம் ஆண்டு அரிசோனாவுக்கும் கலிபோர்னியாவுக்கும் இடையே நடந்த வழக்கில் உயர் நீதிமன்றம் கூறிற்று. ஒதுக்குநிலத்திலே நடைமுறையில் நீர்ப்பாசனம் செய்யக்கூடிய ஏக்கர்களைக் கணக்கிட்டு அதற்கேற்ப நீரை அளந்தார்கள். கீழ்க் கொலராடோ ஆற்றங்கரையிலுள்ள ஐந்து ஒதுக்குநிலங்களுக்கு ஏறத்தாழ 9 இலட்சம் ஏக்கர் அடி வரையறுக்கப்பட்டது.

இது வெற்றிதான். ஆனால், அவ்வழக்கிற் கோத்திரங்கள் தாமே கட்சிக்காரராக இருக்கவில்லை. அவர்களின் நம்பிக்கைப் பொறுப்பாளராக அரசாங்கமே வாதாடிற்று. பாசனத்துக்குரிய நிலங்கள் சிலவற்றை அரசாங்க வழக்கறிஞர்கள் கணக்கிற் சேர்க்காது விட்டனர். பின்னர்க் கோத்திரங்கள் அதைச் சுட்டிக்காட்டியபோது, 1983இல் உயர் நீதிமன்றம் என்ன கூறிற்று? கோத்திரங்கள் இனி வழக்கிற் சேரலாம். ஆனால் விடுபட்ட நிலங்களுக்காக முடிந்த கணக்கைத் திறக்க முடியாது என்றது. பொறுப்பாளன் விட்ட பிழைக்கு உரிமையாளன் தண்டம் இறுத்தான். நம் சார்பில் இன்னொருவர் வாதாடுகின்றார் என்று நிம்மதியாக உறங்குவோருக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

இன்னுமொன்று. பழங்குடிகளின் பொறுப்பாளராகிய உள்துறைத் திணைக்களத்தின்கீழேயே, குடியேற்றக்காரருக்கு அணைகள் கட்டும் பணியகமும் இருந்து வருகின்றது. ஒரே கை இரு தட்டுகளையும் பிடித்திருக்கும்போது தராசு எப்பக்கம் சாயும்? வாக்கும் பணமும் உள்ள பக்கமே சாயும்.

இவற்றின் விளைவாக அந்நாட்டில் இரண்டு சொற்கள் வழக்கில் உள்ளன: காகித நீர், ஈர நீர். இப்படுகையின் 22 கோத்திரங்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட உரிமை ஏறத்தாழ 32 இலட்சம் ஏக்கர் அடி. அது ஆற்றின் சராசரி நீரில் ஏறக்குறையக் காற்பங்கு. ஆயினும் வாய்க்காலும் குழாயும் நிதியும் இன்மையால் அதிற் பெரும்பகுதியைக் கோத்திரங்கள் எடுக்க முடிவதில்லை. எடுக்காத நீர் கீழே ஓடுகின்றது. கீழே உள்ளவர்கள் விலையின்றி எடுத்துக்கொள்கின்றார்கள்.

நவஹோ மக்களின் வழக்கு

கோத்திரங்களின் ஒதுக்குநிலங்களுள் மிகப் பெரியது நவஹோ மக்களுடையது. அதன் பரப்பு நம் இலங்கைத் தீவின் பரப்பிலும் சற்று அதிகம். 1864இல் அம்மக்கள் படைபலத்தால் நூற்றுக்கணக்கான மைல் நடத்திச் செல்லப்பட்டுச் சிறைவைக்கப்பட்டனர். 1868ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் தம் நிலத்துக்கு மீண்டனர். உழுது வாழ விதையும் கருவியும் தருவதாக அரசாங்கம் அதில் உறுதி கூறிற்று.

அந்நிலத்தின் ஓர் எல்லையிற் கொலராடோ ஆறே ஓடுகின்றது. ஆயினும் அங்குள்ள வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்குக் குழாய் நீர் இல்லை. மைல்கணக்காக வண்டியோட்டிப் பீப்பாய்களில் நீர் நிரப்பி வருகின்றார்கள். 2020இல் கொரோனா நோய் பரவியபோது, கைகளை அடிக்கடி கழுவுங்கள் என்று அவர்களுக்கும் அறிவுரை கூறப்பட்டது.

அவர்கள் நீதிமன்றத்தில் வேண்டியது யாது? எங்களுக்காக நீங்கள் பொறுப்பில் வைத்திருக்கும் நீருரிமை எவ்வளவு என்று கணக்கிடுங்கள்; அதை எமக்குக் கிடைக்கச் செய்யத் திட்டம் வகுங்கள் என்றார்கள். 2023ஆம் ஆண்டு யூன் மாதம் 22ஆம் தேதி உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இதை மறுத்தது. ஒதுக்குநிலத்தோடு நீரும் ஒதுக்கப்பட்டதென்பதை நீதியரசர் கவனோவின் தீர்ப்பு மறுக்கவில்லை. ஆனால் அந்நீரைப் பெற்றுக்கொடுக்க அரசாங்கம் முன்வந்து செயற்பட வேண்டும் என்று உடன்படிக்கை கூறவில்லை என்றது. மாறுபட்ட நால்வரின் சார்பில் எழுதிய நீதியரசர் கோர்சச், அம்மக்கள் கேட்பது தம்முடையது எவ்வளவு என்ற கணக்கை மட்டுமே என்று சுட்டிக்காட்டினார். முன்னர் கொலராடோ நீர் வழக்கிலே தாமாகச் சேர முயன்றபோதும் அவர்களுக்கு இடமளிக்கப்படவில்லை.

நிலைமையை நோக்குங்கள். 1908இல், எழுதப்படாவிடினும் நீர் உண்டு என்றார்கள். 2023இல், எழுதப்படாமையால் அதைக் கொண்டுவரும் கடமை இல்லை என்றார்கள். உரிமை ஒருவனிடம், கடமை எவனிடமும் இல்லை. இது காணியுறுதியைக் கையிற் கொடுத்துக் காணிக்குப் போகும் பாதையை அடைத்தது போன்றதாகும்.

அத்தீர்ப்புக்குப் பிறகு நவஹோ மக்களும் அயலிலுள்ள ஹோப்பி, சான் யுவான் தென் பையூட் மக்களும் அரிசோனா மாநிலத்துடன் பேசி இணக்கம் கண்டனர். அதற்குச் சட்டவலுவும் சுமார் 500 கோடி டொலர் நிதியும் வேண்டும் சட்டமூலம் 2024இல் அமெரிக்கக் காங்கிரசில் முன்வைக்கப்பட்டது. அவ்வாண்டு முடியும்வரை அது நிறைவேறவில்லை.

மறுபக்க நியாயம்

வழக்கறிஞன் எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும். அரிசோனாவில் மூன்று தலைமுறையாக நேர்மையாகப் பயிரிட்டுவரும் கமக்காரன், என் பாட்டன் செய்த ஏற்பாட்டுக்கு நான் ஏன் வயலைத் தரிசாக விட வேண்டும் என்று கேட்கின்றான். நகரத்துத் தொழிலாளி தன் குழாயில் நீர் நின்றுவிடுமோ என்று அஞ்சுகின்றான். இவர்களைப் பகைவராக்கி எந்த நீதியும் நிலைபெறாது.

ஆனால் நடந்தது என்ன? கொலராடோவின் இரு பெரும் நீர்த்தேக்கங்களும் 2022இல், அவை நிரப்பப்பட்ட காலந்தொட்டுக் காணாத அளவுக்குத் தாழ்ந்தன. அப்போது முன்வந்து உதவியோருள் கிலா ஆற்று மக்களும் இருந்தனர். தம் பங்கிலிருந்து ஆண்டுக்கு 125,000 ஏக்கர் அடிவரை மீட் ஏரியில் விட்டுவைக்க 2023இல் அரசாங்கத்துடன் உடன்பட்டனர். அதற்கு ஈடாகப் பணமும் பெற்றனர். ஏறத்தாழ 719,000 ஏக்கர் அடி உரிமையுள்ள கொலராடோ ஆற்று இந்தியக் கோத்திரங்கள், தம் அரிசோனாப் பங்கில் ஒரு பகுதியைப் பிறருக்குக் குத்தகைக்குக் கொடுக்க 2023 சனவரியில் வந்த சட்டம் வழிசெய்தது. உரிமை உறுதியானால் அயலான் அழிவான் என்ற அச்சம் பொய்யாயிற்று. அளவு தெரிந்த உரிமையோடுதான் பேசி இணக்கம் காண முடியும். அளவில்லாத உரிமை இரு பகுதியாருக்கும் தீராத அச்சத்தையே தரும்.

நாம் கொள்ள வேண்டியது

இவ்வரலாற்றிலிருந்து நான் நான்கு முடிவுகளுக்கு வருகின்றேன். நீருரிமை அளவோடு எழுதப்பட வேண்டும். எழுதிய நீரை வயலுக்கும் வீட்டுக்கும் கொண்டுவரும் கடமையும் செலவும் ஒருவர்மீது பெயர்குறித்துச் சுமத்தப்பட வேண்டும். நீரைப் பங்கிடும் கூட்டத்திலே உரிமையாளர் தாமே அமர வேண்டும். நீர் குறையும் காலத்தில் எவருடைய வாய்க்கால் முதலில் அடைபடும் என்பது நீர் நிறைந்த காலத்திலேயே தீர்மானிக்கப்பட வேண்டும். கொலராடோ நீர்த்தேக்கங்களை இயக்க 2007இல் வகுத்த விதிகள் 2026உடன் முடிவடையும்படி எழுதப்பட்டவை. அவ்விதிகளை வகுத்தபோது கோத்திரங்கள் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தன. அடுத்த விதிகளுக்கான பேச்சிலே தமக்கு இடம் வேண்டும் என்று அவர்கள் கோரியதன் பொருள் இப்போது உங்களுக்கு விளங்கும்.

அமெரிக்கப் பழங்குடிகளின் துன்பத்தை எடுத்து நம்முடைய வழக்குக்கு அணியாகச் சூட்டிக்கொள்ளுதல் எளிது. அதற்காக நான் இங்கு வரவில்லை. இந்தத் தீவிலும் பழங்குடி மக்கள் உள்ளனர். மகாவலித் திட்டத்தின் நீரேந்து பகுதிகளைக் காக்கும் பொருட்டு 1983இல் மதுரு ஓயா தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டபோது, அந்தக் காட்டில் வாழ்ந்த வேடர் குடும்பங்கள் குடியேற்றத் திட்டங்களுக்கு அனுப்பப்பட்டன. முன்னோர் வேட்டையாடித் தேனெடுத்த காடு அவர்களுக்கு விலக்கப்பட்ட இடமாயிற்று. பழங்குடிகளின் உரிமைபற்றிய ஐக்கிய நாடுகள் பிரகடனத்துக்கு 2007இல் அமெரிக்கா எதிராக வாக்களித்தது. இலங்கை ஆதரவாக வாக்களித்தது. அந்தக் கையுயர்த்தலால் மதுரு ஓயாவின் வேடருக்குக் காடு திரும்பவில்லை.

இது கொழும்பு அரசாங்கத்தை மாத்திரம் நோக்கிக் கேட்கும் கேள்வியன்று. கிழக்கிலே வாகரைப் பகுதியிலும் மூதூர்ப் பகுதியிலும் தமிழ் பேசும் வேடர் நம் அயலிலே வாழ்கின்றனர். நம் பகுதிகளில் குளமும் களப்பும் காடும்பற்றித் தீர்மானிக்கும் கூட்டங்களில் அவர்களுக்கு ஆசனம் உண்டா? எண்ணிக்கையிற் குறைந்தோரின் உரிமைக்காகக் குரல் கொடுக்கும் நாம், நம்மிலும் எண்ணிக்கையிற் குறைந்தோருக்கு என்ன செய்கின்றோம் என்பதைக் கொண்டே நம் குரலின் உண்மையை உலகம் அளக்கும்.

ஆகவே, இங்கு வந்துள்ள கமக்கார அமைப்புகளின் செயலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு அழைப்பு எழுதும்போது, உங்கள் குளத்து நீரையும் அதன் காட்டையும் நம்பி வாழ்ந்தும் அந்தப் பட்டியலிற் பெயரில்லாதவர் யார் என்று ஒரு முறை பாருங்கள். அவர்களுக்கும் அழைப்பை அனுப்புங்கள். என் தொழில்புரியும் நண்பர்களிடம் மற்றொரு வேண்டுகோள். அவர்கள் உங்களிடம் வந்தால், அவர்களுக்காக வாதாடுவதோடு நில்லாமல், அவர்களைக் கட்சிக்காரராகவே மன்றில் நிறுத்துங்கள். அவர்களுடைய கணக்கை அவர்களோடு அமர்ந்து எழுதுங்கள்.